அடி விழுவதற்கு முன் அரை நொடி

கேள்வி இது: "என் ஏழு வயது மகன் புதுக் கார்ட்டூன் எதைப் போட்டாலும் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறான். 1940-களில் வந்த டாம் அண்ட் ஜெர்ரி போட்டால் மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைவதில்லை. கூடவே எழுபது வயதான என் அப்பாவும் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார். எண்பது வருடப் பழசு, பேச்சும் கிடையாது. இந்தக் குட்டிப் படங்களில் அப்படி என்ன இருக்கிறது? அதே பூனையையும் எலியையும் வைத்துப் பின்னால் எடுத்தவை ஏன் இந்த அளவுக்குச் சிரிக்க வைப்பதில்லை?"

பழசு மீது வரும் பாசம் என்று சொல்லி முடித்துவிடலாம்தான். உங்கள் அப்பாவுக்கு அது பொருந்தும். ஏழு வயதுப் பையனுக்கு ஏது பழைய நினைப்பு? அவனுக்கு 1944-ம் ஒன்றுதான், போன மாதமும் ஒன்றுதான். அவன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான் என்றால், அந்தப் படத்துக்குள் ஏதோ ஒன்று இன்னும் துரு ஏறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அது என்ன என்று கேட்டால் 'கணக்கு' என்பேன். அடி, உதை, துரத்தல் எல்லாம் இன்றைய கார்ட்டூன்களிலும் இருக்கின்றன. சொல்லப்போனால் அதிகமாகவே இருக்கின்றன. ஆனால் அடி எத்தனை நேரம் கழித்து விழ வேண்டும், விழுந்த பிறகு எத்தனை நேரம் எதுவும் நடக்காமல் இருக்க வேண்டும் என்பதை அந்தக் காலத்தில் ஒரு நொடியின் இருபத்து நாலில் ஒரு பங்கு வரை அளந்து வைத்தார்கள். அளக்க அவர்களுக்கு நேரமும் இருந்தது, பணமும் இருந்தது. பின்னால் வந்தவர்களுக்கு அவை இல்லாமல் போயின. உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஒரு காட்சியிலிருந்து தொடங்கலாம். 1944-ல் வந்த 'மவுஸ் டிரபிள்' உங்கள் வீட்டில் கட்டாயம் ஓடியிருக்கும். டாமுக்குத் தபாலில் ஒரு புத்தகம் வருகிறது. எலி பிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் புத்தகம். அதை வரிவிடாமல் படித்து, சொன்னபடியே செய்து, அத்தியாயத்துக்கு ஒரு அடி வாங்குகிறான். வளைக்குள் துப்பாக்கியை நுழைத்துச் சுட்டால் குழல் சுவருக்குள்ளேயே வளைந்து வெளியே வந்து அவன் தலையையே பதம் பார்க்கிறது. அதற்கப்புறம் ஒரு செம்பட்டை டோப்பாவை மாட்டிக்கொண்டு அலைகிறான். இதெல்லாம் சாதாரணம். நான் சொல்ல வந்தது வேறு இடம்.

ஆர்வக்கோளாறு உள்ள எலியைப் பிடிப்பது சுலபம் என்று புத்தகம் சொல்கிறது. டாம் உடனே புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். ஜெர்ரிக்குத் தாங்க முடியவில்லை. அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்க்க வந்து மாட்டிக்கொள்கிறான். அதாவது, புத்தகம் சொன்னது பலித்துவிட்டது. சிக்கிய ஜெர்ரி பதறவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் குவித்துக்கொண்டு, உள்ளே ஏதோ அதிசயம் இருப்பதுபோல் எட்டிப் பார்க்கிறான். டாமின் முகம் மாறுகிறது. என்னவாக இருக்கும்? குனிகிறான். கண்ணில் ஒரு குத்து.

அந்தக் குத்து வரப்போகிறது என்று உங்கள் மகனுக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், டாமுக்கு மட்டும் தெரியாது. ஜெர்ரி கையைக் குவிப்பதற்கும் டாம் குனிவதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. டாமின் மூளை மெதுவாக நகர்வதை நாம் பார்க்கும் இடைவெளி. அதைச் சுருக்கினால் வெறும் குத்து, நீட்டினால் கொட்டாவி. சரியான அளவில் வைத்தால், குத்து விழும் முன்பே நாம் பாதி சிரித்திருப்போம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் இன்பிட்வீனராகச் சேர்ந்தேன். வெளிநாட்டு டிவி தொடர்களுக்கு இங்கே வரைந்து அனுப்பும் வேலை. சீனியர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைந்து கொடுப்பார். நடுவில் வரும் படங்களை லைட் பாக்ஸ் மேல் பேப்பரை வைத்து நாங்கள் நிரப்ப வேண்டும். பக்கத்திலேயே எக்ஸ் ஷீட் என்று ஒரு நீளமான தாள் இருக்கும். ஒரு வரி ஒரு ஃபிரேம், அதாவது ஒரு நொடியின் இருபத்து நாலில் ஒரு பங்கு நேரம் திரையில் நிற்கும் ஒரு படம். எந்தப் படம் எத்தனை ஃபிரேம் நிற்க வேண்டும் என்பது அதில்தான் எழுதியிருக்கும்.

ஒரு தடவை, குண்டு மனிதர் ஒருவர் நாற்காலியில் உட்கார, நாற்காலி உடைந்து விழும் ஷாட் எனக்கு வந்தது. ஆசை ஆசையாக வரைந்தேன். விழுவதில் ஒவ்வொரு நிலையும் தெரிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். லைன் டெஸ்ட் போட்டார்கள், அதாவது வண்ணம் பூசும் முன் பென்சில் படங்களை ஓட்டிப் பார்த்தார்கள். அறையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சீனியர் ஒன்றும் சொல்லாமல் பென்சிலை எடுத்தார். உட்கார்ந்த பிறகு அந்த மனிதர் அசையாமல் இருக்கும் நேரத்தில் எட்டு ஃபிரேம் கூட்டினார். விழும் இடத்தில் நான் உயிரைக் கொடுத்து வரைந்த மூன்று படங்களை உருவி மேஜை டிராயருக்குள் போட்டார். திரும்ப ஓட்டினோம். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, அது வேறு விஷயம்.

இதே விஷயத்தை ரோட் ரன்னர் படங்களை எடுத்த சக் ஜோன்ஸ் துல்லியமான எண்ணாகவே சொல்லியிருக்கிறார். ரோட் ரன்னர் பறவையைத் துரத்தும் அந்த ஓநாய் மலை உச்சியிலிருந்து விழுவது ஞாபகம் இருக்கும். புள்ளியாகச் சுருங்கி மறைய 18 ஃபிரேம். மறைந்த பிறகு தரையில் மோதிப் புழுதி கிளம்ப 14 ஃபிரேம். 13 வைத்தாலும் சிரிப்பு வரவில்லை, 15 வைத்தாலும் வரவில்லை என்பது அவருடைய அனுபவம். பதினான்கு ஃபிரேம் என்றால் அரை நொடிக்குச் சற்று மேல். ஒரு ஃபிரேம் கூடினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நமக்குத் தோன்றும். தனி ஆவர்த்தனத்தில் கோர்வை ஒரு அட்சரம் தள்ளி விழுந்தால், தாளம் தெரியாதவருக்குக்கூட ஏதோ இடிக்கும் அல்லவா, அதுபோலத்தான்.

டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கிய இரண்டு பேரில் இந்தக் கணக்கு வில்லியம் ஹானாவின் பொறுப்பு. சின்ன வயதில் சாக்ஸபோன் வாசித்தவர். மற்றவர் ஜோசப் பார்பெரா, நியூயார்க்கில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்துகொண்டே பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் விற்றவர். பார்பெரா கதையையும் குறும்புகளையும் யோசித்து, காட்சி காட்சியாக ஸ்டோரிபோர்டில் வரைந்து தள்ளுவார். ஹானா அதை வாங்கி, எது எத்தனை ஃபிரேம் என்று இசைக் கணக்கில் தாளில் பிரிப்பார். அதாவது ஒரு படம்கூட வரையப்படுவதற்கு முன்பே, எந்தத் தட்டில் டாம் அடியெடுத்து வைக்கிறான், எந்தத் தட்டில் சட்டி தலையில் விழுகிறது என்பது முடிவாகிவிடும். ஒரு படம் சுமார் ஏழு நிமிடம். நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் பத்தாயிரத்துக்கு மேல் வரும். ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தினால்கூட ஒரு பாத்திரத்துக்கு ஐயாயிரம் ஓவியம். வேகமான ஓட்டங்களில் ஃபிரேமுக்கு ஒரு படம். அத்தனையும் கையால் வரைந்து, செல்லுலாய்டில் மையால் படியெடுத்து, வண்ணம் பூசி, ஒவ்வொன்றாகக் கேமராவுக்குக் கீழே வைத்துப் பிடித்தார்கள். 1940 முதல் 1958 வரை வெளிவந்தவை 114 படங்கள். வருடத்துக்கு ஆறேழுதான். இன்று ஒரு டிவி தொடர் ஒரே சீசனில் அதைவிட அதிக நிமிடங்களை முடித்துவிடும்.

இதில் இசையமைப்பாளர் ஸ்காட் பிராட்லியைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். பேச்சே இல்லாத படத்தில் வசனம் எழுதியவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றும். டாம் பதுங்கி நடந்தால் ஒரு வாத்தியம் பதுங்கும், ஜெர்ரி கண் சிமிட்டினால் இன்னொன்று சிமிட்டும். ஜாஸிலிருந்து அந்தக் காலப் பாப் பாட்டு வரை எதையும் விட்டுவைக்கவில்லை. 1944-ல் வந்த 'புட்டின் ஆன் த டாக்' படத்தில் ஒரு நாய்த்தலை முகமூடி தானாக ஓடுவதுபோல் வரும் இடத்துக்கு, அந்த நாளில் சங்கீத மேதைகளே மூக்கைச் சுளித்த, ஷோன்பெர்க் என்ற இசையமைப்பாளரின் பன்னிரண்டு சுர முறையைப் போட்டார். பூனை எலிப் படத்துக்கு! இதைக் கேட்டு யாரும் எழுந்து போகவில்லை, பாப்கார்ன் தின்றுகொண்டே சிரித்தார்கள். 2013-ல் லண்டன் பிபிசி ப்ராம்ஸ் விழாவில் ஜான் வில்சன் தன் ஆர்கெஸ்ட்ராவோடு இந்த இசையைக் கச்சேரியாகவே வாசித்தார். கிடைத்தால் தேடிப் பாருங்கள். வாசிப்பவர்களுக்கு மூச்சு வாங்குவது தெரியும்.

அப்புறம் அந்தக் கத்தல். வாலில் சுத்தியல் விழுந்ததும் டாம் போடும் அலறல். அது ஹானாவின் சொந்தக் குரல். அவர் கத்தியதைப் பதிவு செய்து, தொடங்கும் பகுதியையும் அடங்கும் பகுதியையும் வெட்டி எறிந்துவிட்டு, உச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நிஜத்தில் எந்தக் கத்தலும் அப்படித் திடீரென்று உச்சத்தில் தொடங்கி, கத்தரித்ததுபோல் நிற்காது. உங்கள் அப்பா எந்த இடத்தில் அதிகம் சிரிக்கிறார் என்று பாருங்கள். அநேகமாக இங்கேதான்.

எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த படம் எது என்றால், 1947-ல் வெளியாகி அந்த வரிசைக்கு ஒரு ஆஸ்கரும் வாங்கித் தந்த 'கேட் கன்சர்ட்டோ'. (அந்த வரிசைக்கு மொத்தம் ஏழு ஆஸ்கர்.) டாம் கோட்டு சூட்டோடு மேடை ஏறி லிஸ்ட் என்ற இசை மேதையின் 'ஹங்கேரியன் ராப்சடி' இரண்டாம் எண் பியானோ இசையை வாசிக்கத் தொடங்குகிறான். பியானோவுக்குள் சுத்திகளின் மேல் ஜெர்ரி தூங்கிக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான் கதை. டாமின் விரல்கள் விழும் கட்டைகளைக் கவனியுங்கள்: காதில் கேட்கும் சுரத்துக்கும் அதற்கும் பொருத்தம் இருக்கும். இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் நகைச்சுவை நிற்காது. ஏனென்றால் இங்கே டாமின் கஷ்டமே, என்ன நடந்தாலும் கச்சேரியை நிறுத்தக் கூடாது என்பதுதான். ஜெர்ரி கட்டைகளுக்கு நடுவே எலிப்பொறியை வைக்கிறான். டாமின் விரல்கள் பொறியைச் சுற்றிச் சுற்றி வாசிக்கின்றன. முகத்தில் வித்வத் கம்பீரம், கண்ணில் பயம். ஒரு கட்டத்தில் கைகள் ஜெர்ரியைத் தேட, கால் விரல்கள் வாசிப்பைத் தொடர்கின்றன. கடைசியில் முடிவுபோல வந்து முடியாமல் மறுபடி மறுபடி ஜெர்ரி எடுத்து விடும் ஸ்வரங்களைத் துரத்தி வாசித்து, சட்டை கிழிந்து சரிகிறான் டாம். விளக்கு வட்டம் ஜெர்ரி மேல் போய் நிற்கிறது. கைதட்டல் ஜெர்ரிக்கு.

ஒரு சின்ன வம்பு: ஏறக்குறைய அதே சமயத்தில் வார்னர் பிரதர்ஸும் பக்ஸ் பன்னி முயலை அதே லிஸ்ட்டை வாசிக்க வைத்து, பியானோவுக்குள் ஒரு எலியையும் விட்டுப் படம் எடுத்திருந்தது. யார் யாரைப் பார்த்துப் போட்டார்கள் என்று இரண்டு தரப்பும் அடித்துக்கொண்டன. அந்தப் படமும் மோசமில்லை. ஆனால் முயலுக்கு யார் மேலும் பயம் கிடையாது. டாமுக்கு உண்டு. என் ஓட்டு டாமுக்கே.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஜெயிப்பது ஜெர்ரி, ஆனால் சிரிப்பு டாமிடம்தான் இருக்கிறது. அடி வாங்கிய பிறகு அவன் நம்மைத் திரும்பிப் பார்ப்பான். 'பார்த்தீர்களா, இதுதான் என் பிழைப்பு' என்கிற பார்வை. 1940 பிப்ரவரியில் வந்த முதல் படத்திலேயே இந்த விதை இருக்கிறது. அதில் பூனைக்கு ஜாஸ்பர் என்று பெயர், நாலு காலில் நடக்கும், உடம்பெல்லாம் புசுபுசுவென்று ரோமம். இன்னும் ஒரு சாமான் உடைந்தால் வீட்டைவிட்டு வெளியே என்று எச்சரிக்கை வாங்கியிருக்கிறது. எலிக்கு இது காதில் விழுந்துவிடுகிறது. அப்புறம் என்ன, ஒரு கண்ணாடித் தம்ளரை விளிம்பில் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், பூனை கும்பிடாத குறை. இதில் அடிதடியே தேவைப்படவில்லை பாருங்கள். வேலை போய்விடும் என்று பயந்தவன் எல்லாருக்கும் அந்தப் பூனையின் முகம் தெரிந்த முகம்தான். இந்தப் படங்கள் குழந்தைகளுக்கென்று எடுக்கப்பட்டவை அல்ல. தியேட்டரில் முழுநீளப் படத்துக்கு முன்னால், செய்திப்படத்தோடு சேர்த்து, வேலை முடிந்து வந்த பெரியவர்களும் அவர்கள் கைபிடித்து வந்த பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தவை. உங்கள் வரவேற்பறையில் இப்போது நடப்பதும் அதேதான்.

தம்ளருக்குப் பின்னால் நிற்கும் எலியிலிருந்து முற்றிலும் வேறு திசை, கார்ட்டூன் இயக்குநர் டெக்ஸ் ஏவரி. இவரும் டாம் அண்ட் ஜெர்ரியை எடுத்த எம்ஜிஎம் ஸ்டுடியோவிலேயே இருந்தவர். பயம், பரிதாபம் எதற்கும் இவரிடம் இடமில்லை. தர்க்கத்தைப் பிடித்து அது கிழியும் வரை இழுப்பார். 1947-ல் வந்த 'கிங் சைஸ் கேனரி'யில் பசித்த பூனை ஒன்று தனக்குக் கிடைத்த நோஞ்சான் குருவியைப் பெரிதாக்க ஒரு புட்டி வளர்ச்சி மருந்தைக் கொடுக்கிறது. குருவி பூனையைவிடப் பெரிதாகிறது. உடனே பூனை குடிக்கிறது. அப்புறம் நாய், அப்புறம் எலி. புட்டி கைமாறக் கைமாற ஆளுக்கு ஆள் வீங்கி, கடைசியில் பூனையும் எலியும் பூமி உருண்டை மேல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. மருந்து தீர்ந்துவிட்டது, அதனால் படமும் முடிந்தது என்று சொல்லி நமக்குக் கையசைக்கின்றன. இதைப் பதினைந்து தடவையாவது பார்த்திருப்பேன். வார்னர் பக்கம் போனால், 1953-ல் வந்த 'டக் அமக்'கில் டாஃபி வாத்தை வரைகிற பென்சிலே அதை வம்புக்கிழுக்கும். இவற்றையெல்லாம் உங்கள் மகனுக்கு வரிசையாக அறிமுகப்படுத்தலாம். டிஸ்னியின் குறும்படங்கள் அழகில் ஒரு படி மேல்; சிரிப்பில் இரண்டு படி கீழே என்பது என் கருத்து. விலக்கு ஒன்று உண்டு: 1940-களில் கூஃபி என்ற நாய் விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கும் படங்கள். வர்ணனையாளர் கம்பீரமாக இலக்கணம் சொல்லச் சொல்ல, கூஃபி அதற்கு நேர் எதிராகச் செய்துகொண்டிருப்பான்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒரு கறையையும் சொல்ல வேண்டும். முகம் தெரியாமல் கால் மட்டும் தெரிய வரும் அந்த வீட்டு வேலைக்காரப் பெண்மணி, அன்றைய அமெரிக்கா கறுப்பினப் பெண்களைப் பார்த்த பார்வையின் கேலிச்சித்திரம். வெடி வெடித்ததும் பாத்திரத்தின் முகம் கறுத்து, உதடு தடித்து, கறுப்பினத்தவரைப் போல் மாறுவதும் அந்தக் காலத்தில் வழக்கமான 'ஜோக்'. அப்போதே கறுப்பின உரிமை அமைப்பு கண்டித்தது. பின்னால் டிவிக்காகச் சிலவற்றில் அந்தப் பாத்திரத்தை வேறு பெண்ணாக மாற்றி வரைந்தார்கள், குரலை மாற்றினார்கள், சில காட்சிகளை வெட்டினார்கள். ஒன்றுமே நடக்காததுபோல் வெட்டி மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் மகன் கேட்டால், 'அது தப்பு, அப்போது பலருக்கு அது தப்பென்று உறைக்கவில்லை' என்று சொல்லிவிடுங்கள். பையன்களுக்குப் புரியும்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. பின்னால் வந்தவை ஏன் அப்படி இல்லை?

1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பெரிய ஸ்டுடியோக்கள் தங்கள் படங்களைக் கட்டுக்கட்டாகத் தியேட்டர்கள் தலையில் கட்டக் கூடாது என்பது அதன் சாரம். நல்ல தீர்ப்புதான். ஆனால் முழுநீளப் படத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த குறும்படங்களுக்கு இதனால் அடி விழுந்தது. தியேட்டர்காரர்கள் அவற்றுக்குக் கொடுத்த வாடகை சொற்பம், வரையும் செலவோ ஏறிக்கொண்டே போனது. கூடவே டிவி வந்துவிட்டது. பழைய கார்ட்டூனையே மறுபடி வெளியிட்டால் புதிதாக எடுப்பதற்கு ஈடாக வசூல் வருகிறது என்று எம்ஜிஎம் கணக்குப் பார்த்தது. 1957-ல் கார்ட்டூன் பிரிவை மூடிவிட்டார்கள்.

ஹானாவும் பார்பெராவும் சொந்தக் கம்பெனி தொடங்கி டிவிக்குப் போனார்கள். முன்பு ஒரு குறும்படத்துக்குச் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே கிடைக்கவில்லை. என்ன செய்வது? அசைவைக் குறைத்தார்கள். யோகி கரடியின் கழுத்தில் காலரும் டையும் ஏன் இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? காலருக்கு மேல் தலையை மட்டும் புதிதாக வரையலாம். உடம்பு பழைய படமாகவே நிற்கலாம், ஒட்டு தெரியாது. சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் உடம்பு நின்றுவிட்டால் சிரிப்பு வாய்க்குப் போய்விடுகிறது. பாத்திரங்கள் பேசத் தொடங்கின. 1960-ல் வந்த 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' தொடரில் ஆள் சிரிக்கும் சத்தத்தையும் ஒலிப்பதிவில் சேர்த்துவிட்டார்கள். எங்கே சிரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலை.

டாம் அண்ட் ஜெர்ரியை இதற்கிடையில் வேறு ஆட்கள் எடுத்தார்கள். 1961, 62-ல் ஜீன் டைச் பிராக் நகரத்திலிருந்து 13 படங்கள் செய்தார். அவருடைய குழுவினர் பழைய படங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றைத்தான் பார்த்திருந்தார்கள். பணமும் குறைவு. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எதிரொலிக்கும் சத்தம், கனவில் நடப்பதுபோன்ற அசைவு. சிலருக்கு அந்த விசித்திரம் பிடிக்கிறது. எனக்கு வயிற்றைப் பிசையும். அடுத்து சக் ஜோன்ஸ் 34 படங்கள் எடுத்தார். ஆமாம், பதினான்கு ஃபிரேம் கணக்குச் சொன்ன அதே மேதை. படங்கள் பார்க்க லட்சணமாக இருக்கின்றன. டாமுக்குத் தடித்த புருவம் வந்தது, ஜெர்ரிக்குப் பெரிய கண்ணும் காதும் வந்தன. ஆனால் ஜோன்ஸின் பாத்திரங்கள் நின்று யோசிப்பவை, ஒரு புருவத்தைத் தூக்கியே வேலையை முடிப்பவை. டாம் அப்படிப்பட்டவன் அல்ல. டாம் உடம்பால் யோசிப்பவன்.

இதைவிட வேடிக்கை 1975. டாம் அண்ட் ஜெர்ரி டிவித் தொடராக வருகிறது. எடுப்பது வேறு யாருமில்லை, ஹானாவும் பார்பெராவுமேதான். குழந்தைகள் நிகழ்ச்சியில் அடிதடி கூடாது என்று கெடுபிடி. ஆகவே பூனையும் எலியும் நண்பர்களாகி ஊர் ஊராகச் சேர்ந்து சுற்றுகிறார்கள். ஜெர்ரியின் கழுத்தில் ஒரு சிவப்பு போ டை. பார்த்தால் மனசு கஷ்டப்படும். உருவாக்கிய அதே இரண்டு பேர், அதே பாத்திரங்கள். ஆனால் காசும் இல்லை, நேரமும் இல்லை, சுத்தியலும் இல்லை.

எதைப் பார்க்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 1943 முதல் 1949 வரை வந்தவற்றை முதலில் போடுங்கள். 1952-ல் வந்த 'டூ மவுஸ்கெட்டியர்ஸ்' அருமையான படம். ஆனால் முடிவில் திரைக்கு வெளியே டாமின் தலை மேல் கத்தி இறங்கும் சத்தம் கேட்கும். குட்டி எலி 'பாவம் பூனை' என்று பிரெஞ்சில் பரிதாபப்பட்டுவிட்டு நடையைக் கட்டும். பையன் தாங்குவானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏவரியின் 'பேட் லக் பிளாக்கி'யையும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு விளையாட்டும் உண்டு. 'மவுஸ் டிரபிள்' ஓடும்போது பையனைத் திரைக்கு முதுகு காட்டி உட்காரச் சொல்லுங்கள். சத்தத்தை மட்டும் கேட்டு என்ன நடக்கிறது என்று அவன் சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் சரியாகச் சொல்லிவிடுவான், பிராட்லியின் உபயம். அடுத்து, யூடியூபில் கம்ப்யூட்டரில் ஓட்டினால் நிறுத்தி வைத்துவிட்டு காற்புள்ளி, முற்றுப்புள்ளி பொத்தான்களை அழுத்துங்கள். ஃபிரேம் ஃபிரேமாக முன்னும் பின்னும் நகரும். ஜெர்ரி கையைக் குவிக்கும் இடத்திலிருந்து குத்து விழும் வரை அவனை எண்ணச் சொல்லுங்கள். நடுவில் அப்பாவை மட்டும் கவனியுங்கள், அவர் குத்துக்கு முன்பே சிரிக்கத் தொடங்குகிறாரா, பின்பா என்று. எங்கள் வீட்டில் என் அம்மா டாம் குனியும்போதே தொடங்கிவிடுவார்.